நாலு நிமிட மன்னிப்பு

“வாரத்துக்கு ஒரு கொலை எழுதுறவன் நான். எனக்கு ஒரு மன்னிப்பு எழுத வராதா?”

தொடர்கதை எழுத்தாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். எதிரே தங்கை. இருபது வருடமாக இசை நாடகக் குழு ஒன்றின் கதாநாயகி. மூன்று மாதத்துக்கு முன் தொண்டையில் அறுவை சிகிச்சை. கட்டி போனது. கூடவே பாட்டும் போனது. மிச்சம் இருந்தது வெறும் கரகரப்பு.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் டைம், அண்ணா. அந்த மன்னிப்புக் காட்சி பாட்டு இல்லாம வெறும் வசனத்துல நின்னா வேஷம் எனக்கு. இல்லேன்னா புதுப் பொண்ணுக்கு.”

காட்சி இதுதான். மகனைக் கொன்றவன் மழைக்கு ஒதுங்கி, தெரியாமல் அந்தத் தாயின் கதவையே தட்டுகிறான். அவள் கத்தியை எடுக்கிறாள். நாலு நிமிடம் பாடுகிறாள். பாட்டு முடியும்போது கத்தி தரையில் கிடக்கிறது. அவன் கையில் ஒரு டம்ளர் தண்ணீர்.

எழுத்தாளர் பாட்டின் வரிகளைப் படித்தார். மழை, விளக்கு, மறுபடி மழை. மன்னிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை!

முதல் பிரதியில் கொலைகாரனை அழவிட்டார். சகிக்கவில்லை. இரண்டாவதில் தாய் நியாயம் பேசினாள். வக்கீல் மாதிரி இருந்தது. ஆறு பிரதிகள் கிழிந்தன. ஏழாவதில் பொறி தட்டியது. கொன்றவன் அவனே இல்லை என்றால்? அவன் பையில் ஒரு கடிதம். அதில் வேறொருவன் பெயர்!

வெள்ளிக்கிழமை. ஒத்திகைக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் நிறைந்திருந்தன. தங்கை படிக்கப் படிக்க, அந்தக் கரகரப்பே காட்சிக்குப் பொருந்தியது. ஒருவரும் அசையவில்லை.

“ஐயோ, அப்போ கொன்னது யாரு? சொல்லித் தொலைங்க சார், மண்டை வெடிக்குது!” என்றார் கீபோர்டுக்காரர்.

இயக்குநர் கைதட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“பிரமாதம் சார். ஒரே ஒரு சந்தேகம். கொல்லாதவனை இந்தம்மா எதுக்கு மன்னிக்கணும்?”

எழுத்தாளர் பிரதியைப் புரட்டினார். முந்நூறு வாரங்களில் எந்த வாசகரும் கேட்காத கேள்வி.

“சரி, கடிதத்தைத் தூக்கிடுவோம்” என்றார் இயக்குநர். “அக்கா, கத்தியைக் கீழே போட்டுட்டுச் சும்மா ஒரு வரி சொல்லுங்க.”

கத்தி விழுந்தது. “தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றாள் தங்கை.

“ஏம்மா?”

கேட்டது கொலைகாரனாக நடிப்பவர். கூடத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “தப்பா நினைக்காதீங்கக்கா. வாயில வந்துடுச்சு.”

எழுத்தாளர் எழுந்து காரணம் சொன்னார். அவளுக்கு வயதாகிவிட்டது. இன்னொரு உயிர் போவதில் பயன் இல்லை. அவனும் ஒரு தாயின் பிள்ளை. ஒவ்வொரு காரணமும் சொல்லி முடித்ததும் செத்தது.

“பாட்டுல ஏன்னு யாரும் கேக்கறதில்லை, சார். பேசினா முதல் கேள்வியே அதுதான்” என்றார் இயக்குநர், மெதுவாக. பிரதியை மூடி வைத்தார். வேஷம் புதுப் பெண்ணுக்குத்தான்.

நடையில் அண்ணன் தங்கையைப் பிடித்தார். “இன்னும் ரெண்டு நாள் கேளு. வேற மாதிரி எழுதறேன்.”

“எழுதுவே. அடுத்து என்னன்னு எல்லாரும் பதறுவாங்க. உன் கை அப்படி.” அவள் மூச்சு வாங்கினாள். “அந்தப் பாட்டுல அடுத்துன்னு ஒண்ணு கிடையாது, அண்ணா. அவ அங்கேயே நிப்பா. பாக்கறவங்களும் நிப்பாங்க. அது உனக்கு எழுத வராது. எனக்கு இனிமே பாட வராது.”

“பேசாம வீட்டுக்கு வந்துடேன்.”

“வந்து? உன் கதைக்குப் பிழை திருத்தவா?”



குழு அவளைக் கைவிடவில்லை. திரைக்குப் பின்னால் இருந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை தந்தது. முக்காலி, சின்ன விளக்கு, பிரதி. கரகரப்பு அதற்குப் போதும்.

நாடகம் அரங்கேறிய நாள். மேடையில் கதவு தட்டப்பட்டது. புதுப் பெண் கத்தியை எடுத்தாள். இசை தொடங்கியது.

தங்கை பிரதியை மடியில் கவிழ்த்தாள். அந்த நாலு நிமிடமும் அவளுக்கு அங்கே வேலை கிடையாது.