யாருக்கும் கால் வலிக்காத படங்கள்

1

“சார், எனக்கு உட்கார ஒரு நாற்காலி வேணும்.”

கேட்டேவிட்டாள். லீவு கேட்கலாம், ஷிப்டு மாற்றிக் கேட்கலாம், மானேஜர் நல்ல மனநிலையில் இருந்தால் அவர் உடம்புக்கு என்ன என்றுகூடக் கேட்கலாம். நாற்காலி மட்டும் கேட்கவே கூடாது என்று அவளுடைய சித்தப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் வேலை பார்க்கிற தியேட்டரிலேயே ஆபரேட்டர் அவர். வேலையும் அவர் சிபாரிசில் கிடைத்ததுதான்.

இது இப்படித் தொடங்கியிருக்கக் கூடாது. பத்திரிகை என்னிடம் கேட்டது கதையே இல்லை, கட்டுரை. பழைய ஆட்டபாட்டப் படங்கள் ஏன் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை என்று எழுத வேண்டும். “கொஞ்சம் நெகிழ்ச்சியா இருக்கட்டும்மா, உங்க வழக்கமான கடுகடுப்பு வேண்டாம்” என்றார் ஆசிரியர். நெகிழ்ச்சியாகத்தான் ஆரம்பித்தேன்:

‘திரையில் அந்தக் கால்கள் சுழலத் தொடங்கும்போது நம் கவலைகளெல்லாம் காற்றில் கரைந்து—’

அதற்கு மேல் கை கூசிவிட்டது. அந்த வரியை அடிக்கவில்லை, கிடக்கட்டும். யாருடைய கவலை, எங்கே நின்றுகொண்டிருக்கும்போது கரைந்தது? ‘நின்றுகொண்டு’ என்று நினைத்ததும் தியேட்டர் கதவோரம் டார்ச்சும் கையுமாக ஒருத்தி தெரிந்தாள். கட்டுரை அதோடு படுத்துவிட்டது.

2

அது புதுப்படம் கிடைக்காத தியேட்டர். ‘அமரக் காவியங்களின் அரண்மனை’ என்று வாசலில் போர்டு வைத்து அதை மறைத்திருக்கிறார்கள். ஞாயிறு மதியக் காட்சி நிரம்பி வழியும், அதிலும் பம்பரத்தின் படம் என்றால் கேட்கவே வேண்டாம். பம்பரம் என்பது அந்தக் கதாநாயகனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர். வேறு பெயர் நான் வைக்கமாட்டேன். வைத்தால் கதையை விட்டுவிட்டு ஆளைத் தேடப் போய்விடுவீர்கள்.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அவள் வீட்டிலும் அப்படியே ஆக்கிவிட்டேன். இரவல் வாங்க வேறு எங்கே போவது? டிகிரி முடித்தவளுக்குக் கிடைத்த வேலை டிக்கெட் கிழிப்பது, டார்ச் அடித்து இருக்கை காட்டுவது, பிறகு படம் முடியும்வரை கதவோரம் நிற்பது. உட்காரக் கூடாது. ஏன் என்று கேட்டால் மானேஜர் தத்துவமே வைத்திருந்தார்.

“வந்தவங்க உட்காரணும்னா இருக்கறவங்க நிக்கணும். அதாம்மா மரியாதை.”

கண்ணுக்கெட்டியவரை நாற்காலி. பாதிக் காட்சிகளில் பாதி காலி. அதற்கு நடுவில் நிற்பது, அண்டா நிறையச் சோற்றுக்குக் காவல் இருந்துகொண்டு பட்டினி கிடப்பது மாதிரி.

பால்கனிக் கதவில் இன்னொருத்தி. எல்லோருக்கும் அவள் அக்கா. வருஷக்கணக்காக நின்றதில் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் போகிற இடம் மட்டும் பள்ளமாக இருக்கும்.

“உனக்கு வலிக்கலையாக்கா?”

“பழகிடுச்சுடி. இப்பல்லாம் உட்கார்ந்தாதான் வலிக்குது.”

(ஜோடித்த வசனம் மாதிரி இருக்கிறதே என்று இதை எடுத்துவிட்டேன். கதை உடனே நொண்டியது. திரும்ப வைத்துவிட்டேன்.)

3

கட்டுரைக்காக யோசித்ததை வீணாக்க மனமில்லை. இந்தப் படங்களில் கோபம் வந்தாலும் ஆடுவார்கள், வேலை போனாலும் ஆடுவார்கள். வீட்டை விட்டுத் துரத்தினால் மழையில் போய் ஆடுவார்கள், ஒருத்தருக்கும் சளி பிடிக்காது. நாயகிக்குப் பின்னால் ஐம்பது பேர் கையைத் தூக்குவார்கள். இவர்களுக்கெல்லாம் வீடுவாசல் உண்டா என்று எவரும் கேட்பதில்லை. காதல், கனவு என்று விமர்சகர்கள் அளப்பதை நம்பாதீர்கள். இந்தப் படங்களின் உண்மையான மாயம் ஒன்றுதான்: இவற்றில் யாருக்கும் கால் வலிப்பதில்லை. வாரம் முழுக்கப் பஸ்ஸிலும் வரிசையிலும் முதலாளி முன்னாலும் நின்று தீர்த்த ஜனம், களைப்பே தெரியாத கால்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஓடிவருகிறது. அந்த ஜனத்தைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கும் பம்பரத்தைப் பிடிக்கும். பாழாய்ப்போன மனுஷன், அப்படி ஆடினால் பிடிக்காமல் எப்படி இருக்கும்? படிக்கட்டுப் பாட்டில் ஒவ்வொரு படியையும் கேலி செய்துவிட்டுத்தான் இறங்குவார். முதல் தடவை பார்த்தபோது டார்ச்சை அணைக்க மறந்து நின்றாள்.

ஆனால் பாட்டு முடிந்ததும் ஜனம் “ஒன்ஸ்மோர்” என்று கத்தும். சித்தப்பா மேலே ஆபரேட்டர் அறையில் பட்டனைத் தட்டி அதே பாட்டைத் திரும்பப் போடுவார். ரசிகருக்கு அது விருந்து. கதவில் நிற்கிறவளுக்கு, தீர்ப்பு முடிந்த பிறகு கூட்டிக் கொடுக்கிற தண்டனை.

4

அந்த ஞாயிறு ஒன்ஸ்மோர் ஓயவே இல்லை. கடைசி வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலி காலி. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மானேஜர் எங்கிருந்துதான் மோப்பம் பிடித்தாரோ, வந்து நின்றார். வெளியே லாபிக்கு அழைத்துப் போனார். அங்கே வைத்துத்தான் அவள் நாற்காலி கேட்டாள்.

[மானேஜர் விஷயத்தில் எனக்குத் தடுமாற்றம். மீசை வைத்தேன், எடுத்தேன். அரக்கனாக்கினால் என் வேலை சுலபம். ஆனால் முதலாளி வந்தால் இவரும் சுவரோடு சுவராக நிற்கிறவர்தான். அதற்காகப் பாவம் பார்க்கவும் முடியவில்லை.]

“பம்பரம் இந்தப் பாட்டுக்குக் கொதிக்கிற காய்ச்சல்ல ஆடினாராம். முகத்துல தெரியுதா? அது தொழில் பக்தி.”

“தெரியல சார். ஆனா கட் சொன்னதும் அவருக்கு நாற்காலி போட்டிருப்பாங்க. எனக்கு யாரு சார் கட் சொல்றது?”

மானேஜர் சித்தப்பாவுக்குப் போன் அடித்தார். அவர் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

“வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டியா நீ? தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!”

“உங்களுக்கு மேல ஸ்டூல் இருக்குல்ல சித்தப்பா?”

“அது மெஷினுக்காகப் போட்டதும்மா.”

“மெஷினா உட்காருது?”

மானேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவர் இளகினார். “சரி விடு. படிச்ச பொண்ணு. நாளையிலிருந்து டிக்கெட் கவுண்டருக்கு வந்துடு. சுழல் நாற்காலி, ஃபேன் எல்லாம் இருக்கு.”

“காலைத் தொட்டு வாங்கிக்க” என்றார் சித்தப்பா.

“அக்காவுக்கு?”

“அவ என்ன டிகிரியா முடிச்சிருக்கா?” என்றார் மானேஜர்.

பால்கனிப் படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “எனக்காக எதையும் கெடுத்துக்காதடி. போய் உட்காரு.”

5

இங்கே நிறுத்திவிட்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

இசைப்பட முடிவு: முதலாளி வெள்ளைக் கோட்டில் வருகிறார். தாளம் எழும்புகிறது. நாற்காலிகள் தாமே வழுக்கிக்கொண்டு லாபிக்கு வருகின்றன. மானேஜர் குட்டிக்கரணம் அடிக்கிறார். அக்காவின் வீக்கம் இரண்டாவது சரணத்தில் வடிந்துவிடுகிறது. ஒன்ஸ்மோர்.

பரிசுக்கதை முடிவு: அவள் கவுண்டரில் உட்கார்கிறாள். கண்ணாடி வழியே அக்காவின் கால்களைப் பார்க்கிறாள். ஒரு துளி கண்ணீர், டிக்கெட் கட்டின் மேல். நடுவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள்.

புத்திசாலி முடிவு: முதலில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு உள்ளேயிருந்து போராடுவது. எனக்கே இதில் சபலம் தட்டியது. ‘அவள் சுழல் நாற்காலியில் அமர்ந்து, மெல்ல ஒரு முறை சுற்றி—’ என்று தொடங்கினேன். உட்கார மறுத்துவிட்டாள். நான் படைத்த பெண், என் பேச்சைக் கேட்கமாட்டாளாம். கழுதை.

6

“ரெண்டு கதவுக்கும் ரெண்டு நாற்காலி போடுங்க சார். நான் இங்கேயே டார்ச் அடிக்கிறேன்.”

“ரெண்டா? முதலாளி என்னைத் தெருவுல நிறுத்திடுவாரு.”

“அப்ப இந்தாங்க.” டார்ச்சை அவர் கையில் வைத்தாள். மானேஜர் ‘அவ என்ன’ என்று வாயைத் திறந்த கணமே இது முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு பேசியதெல்லாம் மரியாதைக்காக.

“என் மானத்தை வாங்கிட்டுப் போறியேடி” என்றார் சித்தப்பா.

“அதை நீங்க எப்பவோ சிபாரிசுல கொடுத்துட்டீங்க சித்தப்பா.”

உள்ளே ஜனம் மறுபடி ஒன்ஸ்மோர் கேட்டுக் கூச்சல் போட்டது. போட ஆள் இல்லை. விசில் பறந்தது. சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். மானேஜர் கையிலிருந்த டார்ச்சையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினாள்.

நாளைக்கு அவளுக்கு என்ன வேலை, வீட்டில் என்ன சொல்வாள் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் கடைக்கோ ஆபீசுக்கோ அவள் வந்து நிற்பாள். அவளை எங்கே வைப்பது என்ற மீதிக் கதையை நீங்கள்தான் எழுத வேண்டும்.

டிக்கெட் வாங்கினவர்களுக்கு மட்டுமான கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். வெளியே நல்ல வெயில். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.