முதலாளியின் விளக்கம்

தம்பி எழுதுவான், அடி எனக்கு விழும். எங்கள் வீட்டில் வேலையை அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். உள்ளூர்ப் பத்திரிகையில் இருந்தபோது அவன் முன்பல்லை உடைத்தார்கள். உயிர் தப்பினால் போதும் என்று நாட்டை விட்டே ஓடினான். போன இடத்தில் பெரிய எழுத்தாளன் ஆகிவிட்டான். மேடை, பரிசு, கைதட்டல். அவன் புத்தகம் ஒன்று வந்தால் இங்கே என் தையல்கடைக் கண்ணாடி நொறுங்கும். ஒருமுறை என் விலா எலும்பும் நொறுங்கியது.

இந்தத் தடவை அவனுக்குச் செய்தி கொடுத்ததே நான்தான். எங்கள் தெருமுனை ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது மாடிக் கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டை என் கண்ணால் பார்த்தேன். உள்ளே கருகிச் செத்த பெண்களில் பாதிப் பேர் என்னிடம் தையல் பழகியவர்கள்.

தம்பிக்கு ஒரு பழக்கம். யாரைக் கிழித்து எழுதினாலும் முதலில் அந்த ஆளையே கூப்பிட்டு விளக்கம் கேட்பான். தொழில் தர்மமாம். தொழிற்சாலை முதலாளிக்கும் போன் போட்டிருக்கிறான், புத்திசாலி.

முதலாளி நேரே என் கடைக்கு வந்துவிட்டார். கூட வந்த தடியன் ஷட்டரை இறக்கிவிட்டு ஓங்கி அறைந்ததில் என் காது கொய்ங் என்றது. அவன் என் இடது கையை மேசைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டான். முதலாளி சூடான இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என் போனிலிருந்தே தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க அக்கா கை என்கிட்ட இருக்கு. செய்தி வருமா, வராதா?"

"வராது சார். அவங்களை விட்டுடுங்க," என்று அழுதான்.

"டேய், செய்திய நிறுத்தினா உனக்கு அக்காவே இல்ல," என்றேன்.

முதலாளி பெட்டியை என் கைமேல் வைத்தார். தோல் பொரிந்த நாற்றம் கடை முழுக்க அடித்தது. தம்பி "வராது, சத்தியமா வராது" என்று கதறிக்கொண்டே இருந்தான்.

காரியம் முடிந்ததென்று தடியன் என்னை விட்டான். முதலாளி மேசையில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எரிச்சல்கூடத் தெரியவில்லை. துணி வெட்டும் கத்தரியை எடுத்து அவர் கையில் இறக்கினேன். அது கையைத் துளைத்து மேசைப் பலகையில் போய்க் குத்தி நின்றது. ரத்தத்தைக் கண்டதும் தடியன் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தான்.

கத்தரியைத் திருகினேன்.

"கதவைப் பூட்டச் சொன்னது யாரு?"

"நான்தான்... நான்தான்மா. துணி திருடுறாளுங்கன்னு..."

ஸ்பீக்கரில் தம்பி குரல் கேட்டது.

"அக்கா, அங்க என்ன நடக்குது?"

"ஒண்ணுமில்லடா. சார் விளக்கம் குடுத்துட்டார். எழுதிக்கோ."