ஆறாவது கதவு

மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குப் போவது இது மூன்றாவது முறை. இதுவும் போனால் என் நுழைவுத் தேர்வு மதிப்பெண் காலாவதி. மறுபடி வேதியியல் புத்தகத்தைத் தொட எனக்குத் தெம்பில்லை. வயது முப்பத்தாறு, நர்ஸாகப் பதிமூன்று வருடம். டாக்டர் ஆவதென்றால் அப்போதே ஆகியிருக்கலாமே என்று கேட்காத வாய் எங்கள் ஊர் கார்மார்த்தனில் கிடையாது. அப்போது ஆசை இல்லை, இப்போது இருக்கிறது, போதுமா? நோயாளிக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால், டாக்டர் போகிற போக்கில் பாதியைச் சொல்லிவிட்டுப் போவார். எனக்கு மீதிப் பாதி வேண்டும், அவ்வளவுதான்.

நேர்காணல் ஒரு நீளமான நடைக்கூடத்தில் நடந்தது. எட்டுக் கதவுகள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு சோதனை. மணி அடித்தால் அடுத்த கதவு. ஐந்து கதவுகளை நன்றாகவே தாண்டினேன்.

ஆறாவது கதவில் ஓர் அட்டை தொங்கியது: 'நீங்கள் டாக்டர். உள்ளே இருப்பவரின் பரிசோதனை முடிவு தொலைந்துவிட்டது. அவரிடம் சொல்லுங்கள்.' உள்ளே நோயாளியாக நடிக்க ஒருவர், மூலையில் மதிப்பெண் போட ஓர் அம்மாள். நான் விஷயத்தைச் சொன்னதும் நடிகர் மேசையைத் தட்டி எழுந்தார்.

"மூணு வாரமா தூங்கல நான். எனக்குப் புத்துநோயா இல்லையான்னு சொல்ல இங்க ஒரு ஆளில்லையா?"

பதிமூன்று வருடத்தில் இப்படி எத்தனை பேர் கத்தியிருப்பார்கள்! என் வாய் என்னைக் கேட்கவே இல்லை.

"கொஞ்சம் உக்காருங்க, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்."

சொன்னதோடு விட்டேனா? எழுந்து போய்க் கதவின் கைப்பிடியையும் பிடித்துவிட்டேன். மூலையில் பேனா நின்றது. அப்போதுதான் உறைத்தது. அந்த டாக்டர் நான்தான்.

அப்படியே ஓடிப் போய்விடலாமா என்று இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"வெளிய போய்த் தேடினாலும் வேற யாரும் கிடையாதுங்க, நான்தான்," என்றேன். "தப்பு எங்க மேல. புத்துநோயா இல்லையான்னு எனக்கும் இப்பத் தெரியாது. மறுபடி பரிசோதனை எடுக்கிற அன்னிக்கு நான் உங்க கூடவே இருப்பேன்."

மணி அடித்தது. மீதி இரண்டு கதவுகளில் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. ரயிலில் ஊர் வரும்வரை அழுதேன். நர்ஸாக இருப்பது ஒன்றும் குறைச்சல் இல்லை என்றார் என் கணவர் யெஸ்டின். குறைச்சல் என்று யார் சொன்னது என்று அந்த நல்ல மனுஷன் மேல் பாய்ந்தேன். வார்டு சிஸ்டர் க்வென்லியனிடம் சொன்னால், அவள் மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாளிலிருந்து வார்டில் யார் யாரிடம் எதைக் கேட்டாலும், டாக்டரைக் கூட்டிட்டு வரேன் என்பதுதான் பதில். பாவிகள்.

மூன்று வாரம் கழித்து, மதிய மருந்து கொடுக்கும்போது பையில் போன் அதிர்ந்தது. மருந்து கொடுக்கும்போது சிவப்பு மேலங்கி போட்டிருப்போம். முதுகில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு போனைத் தொடக் கூடாது. பதினோரு நோயாளிகள் பாக்கி. ஒவ்வொரு மாத்திரையையும் இரண்டு தரம் சரிபார்த்தேன். ஒன்றையும் தப்பாகக் கொடுக்கவில்லை.

முடித்ததும் மேலங்கியைக் கழற்றிவிட்டு, மலத்தட்டு கழுவும் அறைக்குப் போய், கல்லூரியிலிருந்து வந்திருந்த மின்னஞ்சலைப் படித்தேன். நான்கு வருட டாக்டர் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. அப்பாடா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். படிப்பு, அலைச்சல், ஊர்வாய், எல்லாம் மேலிருந்து இறங்கிய மாதிரி இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒன்பதாம் படுக்கை பிரிட்சர்ட் தாத்தா காலையிலிருந்து கேட்பதையே மறுபடி கேட்டார்.

"ஏம்மா, டாக்டர் எப்பதான் வருவாரு?"

"நாலு வருஷம் ஆகும் தாத்தா."

அவர் என் ஈரமான முகத்தையும் இளிப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, நான் இருக்கேன்," என்றார். "அதுவரைக்கும் ஒரு டீயாவது குடு."