எல்லா விளக்கும் சிவப்பு

இதில் ஒரு சொல் பொய்யென்றால், நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி கால் ஒடிந்து விழட்டும். சத்தியம் செய்வதற்கென்றே உறுதியானதாகப் பார்த்து வாங்கிய நாற்காலி.

என் அண்ணன் மகளுக்குப் பட்டப்பெயர் குக்கர். அவள் பிறந்து முதல் அழுகை அழுதபோது, விசில் வந்துவிட்டதென்று பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். வளர்ந்ததும் பாதித் தலையை மழித்துக்கொண்டு, சட்டையெல்லாம் ஊக்கு குத்திக்கொண்டு, "பங்க் ராக் பாடப்போறேன்" என்று வந்து நின்றாள். அண்ணன் கணக்கு வாத்தியார். "பாதியோட வராதே. முழுசா முளைச்சதும் வா" என்று கதவைச் சாத்திவிட்டார்.

எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. என் வீட்டில் வந்து தங்கினாள். "சித்தப்பா, வயரெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. நீங்கதான் சவுண்டு பாக்கணும்" என்றாள். தலையாட்டினேன். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவேன். சொந்தபந்தத்தில் எனக்கு நல்ல பேர் இருப்பது அதனால்தான்.

டயர்க் கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் ஒத்திகை. கிடாரும் பாட்டும் அவள். டிரம்ஸ் அடித்தவள் பல் ஆஸ்பத்திரி நர்ஸ். என் முன்னால் ஒரு பலகை நிறையத் திருகுகள், திருகுக்கொரு விளக்கு. கொஞ்சம் திருகினால் பச்சை, இன்னும் திருகினால் மஞ்சள், முழுக்கத் திருகினால் சிவப்பு. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் சிவப்பாக்கினேன்.

முதல் கச்சேரியில் டயர்க் கடையிலிருந்த டயரெல்லாம் தானாகவே காற்றை இறக்கிக்கொண்டன. எதிர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தவர் எழுந்து வந்து, "கொஞ்சம் குறைங்கப்பா" என்று சொல்லிவிட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஊர் ஊராகப் போனோம். ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் குக்கர் என்னிடம் வருவாள். "சித்தப்பா, கிடார் சத்தத்துல என் குரல் எனக்கே கேக்கல. கத்திக் கத்தித் தொண்டை கிழியுது. கிடாரைக் குறைங்களேன்." தலையாட்டுவேன். மறுநாள் கிடார் விளக்கைப் பார்த்தால் லேசாக மஞ்சளடிக்கும். அதையும் சரிசெய்வேன்.

"வேற ஆளை வைச்சுக்கோடி!" என்று நர்ஸ் கத்தினாள்.

"சோறு போட்ட சித்தப்பாவை எப்படிடி போகச் சொல்றது?" என்றாள் குக்கர்.

கடைசியில் டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு பாட்டுக்குத்தான் மிச்சமிருக்கும்மா. பாத்துச் செலவு பண்ணு" என்றார்.

அந்த ஒன்றை அவள் அப்பாவுக்கென்று எடுத்து வைத்தாள். 'கதவைத் திற' என்ற பாட்டு. மூடிய கதவுக்கு வெளியே நின்று எழுதியது. யார் யாரோ போய்க் கெஞ்சி, அண்ணனும் ஒருவழியாக வர ஒத்துக்கொண்டார். முன்வரிசையில், என் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

குக்கர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு மட்டும், சித்தப்பா. அப்பாவுக்கு வார்த்தை புரியணும். கிடாரைக் குறைங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலையாட்டினேன். அன்றைக்கு விளக்குகள் சிவந்ததுபோல் என்றைக்கும் சிவந்ததில்லை.

பாடினாள். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குறை, குறை என்று கையைக் கீழே கீழே தாழ்த்தினாள். நானும் பதிலுக்குக் கையாட்டினேன். நர்ஸ் குச்சிகளைக் கீழே வைத்த பிறகும் குக்கரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. குரல் போய்விட்டிருந்தது.

அண்ணன் என் தோளைத் தொட்டு, தன் காதைக் காட்டினார். "என்னடா, ஒரு வார்த்தையும் காதுல விழலையே! என்ன பாடினா?"

"உனக்குத்தான் காது போச்சுண்ணா. எனக்குத் தேன் மாதிரி கேட்டுது."

காதைத் தடவிக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டார். குக்கர் மைக்கைப் பிடித்தபடி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது அவள் என் கடையில் காயில் கட்டுகிறாள். இரண்டு பேரும் சைகையில்தான் பேசிக்கொள்கிறோம். அப்போதெல்லாம் யார் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் சைகையிலேயே சொல்லிவிட்டாள். எனக்கு அது சௌகரியமாகத்தான் இருக்கிறது.

அவள் என் வீட்டுக்கு வருவதற்கு முந்தின வருஷமே, கடையில் ஒரு மோட்டார் வெடித்து என் இரண்டு காதும் போய்விட்டன.