நாலடிக் குடல்

மூன்று நாளாக நந்தகோபால் உடைமரக்காட்டுப் பக்கம் ஓடவில்லை. கிருஷ்ணவேணிக்கு அதுவே பெரிய வெற்றி. துவைத்த வேட்டியைக் கட்டிவிட்டு, நாகலாபுரத்தில் பஸ் ஏற்றி, கோவில்பட்டி டாக்டர் வேதமாணிக்கத்திடம் புருசனைக் கூட்டிப்போனாள்.

"வயித்தால போறது நின்னுட்டு சார்!"

"என்ன குடுத்தீங்க?"

"வெந்நியும் சுக்கும். பக்கத்து வீட்டு சுந்தரம்மா மைனிதான் வயித்தக் காயப்போடச் சொன்னாவ. எட்டு நாளா வேற ஒண்ணுமே குடுக்கல."

டாக்டர் எடை மெஷினைக் காட்டினார். நந்தகோபால் ஏறினான். முள் முப்பத்து நாலில் நின்றது. ஒரு மாதத்துக்கு முன், முறுக்கிக் கறுத்துப்போன குடலை வெட்டி எடுத்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவனை வீட்டுக்கு அனுப்பியபோது நாற்பத்தொன்று.

"ஏம்மா, இருவது அடி இருந்த இடத்துல நாலடிதான் மிச்சம். இனி அந்த நாலடி உள்ளுக்குள்ள தடிச்சு வளந்து, மொத்தக் குடல் வேலையையும் பாக்கணும். அத வளக்குற சத்து நம்ம உடம்புலயே ஊறும். எச்சில்லகூட இருக்கு. ஆனா சாப்பாடு இறங்குனாத்தான் ஊறும். நீ பட்டினி போட்டு அதச் சுருங்க வச்சிட்ட."

கிருஷ்ணவேணி புருசனின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டால் போகிறது, அதனால் நிறுத்தினேன். நல்லதென்றுதானே செய்தேன்?

"அந்தச் சத்த ஊசியாப் போடுங்க சார்."

"வெளிநாட்டுல எலிக்குக் குடுத்துப் பாக்காங்க. மனுசனுக்கு இன்னும் வரல."

"எலிக்குக் குடுக்குதத இவியளுக்குக் குடுத்தா என்ன சார்?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மணிக்கு ரெண்டு வாய். குழைஞ்ச சோறு, முட்டை. கூழாகுற வரைக்கும் மெல்லணும். வெளிய போனாலும் நிறுத்தாத. உப்பும் சீனியும் போட்ட தண்ணி தாரேன், அதயும் கொஞ்சம் கொஞ்சமாக் குடு. அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வா. முப்பத்து ரெண்டுக்குக் கீழ இறங்கிச்சுன்னா, என் கையில ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலை முதல் வாயிலேயே நந்தகோபால் தட்டைத் தள்ளினான்.

"ஏட்டி, மூணு நாள் மனுசனா இருந்தேன். பொறுக்கலையா ஒனக்கு? வேட்டியோட ஓடி, ஊரு சிரிக்கணுமா?"

"சிரிக்கட்டும். நீங்க இருங்க."

அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். ஒட்டிய கன்னத்தில் எலும்பு மேடு தட்டியது. நூறு ஆடுகளைக் கரிசல் வெயிலில் ஓட்டிப்போய், தோளில் ஒரு குட்டியோடு திரும்பி வந்த ஆள். தாயில்லாக் குட்டி பால் குடிக்க மறுத்தால் என்ன செய்வதென்று அவளுக்கு அவன்தான் காட்டிக்கொடுத்திருந்தான். அதைத்தான் செய்தாள். தலையை மடியில் இடுக்கினாள். தாடையோரம் விரலை விட்டுத் திறந்தாள். சோற்றை வைத்தாள்.

"நான் என்ன ஆட்டுக்குட்டியாட்டி?" வாய் நிறைய இருந்ததால் குழறியது.

"குட்டின்னா சொன்னாக் கேக்குமே!" சிரிக்கத்தான் பார்த்தாள். கண்ணீர் அவன் நெற்றியில் சொட்டியது. தொண்டையை மேலிருந்து கீழாக நீவிக்கொண்டே இருந்தாள்.

"மெல்லுங்க. உங்க எச்சில்லதான் இருக்காம். மெல்லுங்க."

இரண்டு வாய் இறங்கியது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஓடினான். திரும்பினான். அடுத்த மணிக்கு மறுபடியும். உச்சி வெயிலுக்குள் ஆட்டுக்கிடையின் வேலிப் படலில் மூன்று வேட்டிகள் ஈரமாகக் கிடந்தன. கட்ட வேறு இல்லை. தன் பழைய சேலையைக் குறுக்கே கிழித்துக் கொடுத்தாள். அவன் அதைச் சுற்றிக்கொண்டான்.

அடுத்த வாயை வைத்தபோது விழுங்குவதற்குள்ளேயே வயிறு முறுக்கியது. எழுந்து ஓடினான். துப்பிவிடுவான் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள். தட்டு மடியில் ஆறிக்கொண்டிருந்தது.

வெடித்த கரிசலில் பாதம் பார்த்து வைத்து, உடைமரங்களுக்கு நடுவே அவன் திரும்பி வந்தான். சேலைத் துணியை ஒரு கையில் பிடித்திருந்தான். அவளைப் பார்க்கவில்லை. படலைப் பிடித்து நின்றான். நிழலில் படுத்திருந்த ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அவன் தாடையும் அசைந்துகொண்டிருந்தது.