ஏறும் எடையில் பாதி

இளங்கோவனின் ஆடுகள் தீனி தின்று ஏற்றிய எடையில் சரிபாதி அவன் மனைவி வள்ளியம்மாவின் உடம்பில் போய்ச் சேர்ந்தது. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் அந்த வருஷம் கோதுமைத் தவிடு மூட்டை ஆயிரத்து நூறு ரூபாய், கொள்ளு கிலோ எழுபது. இந்த விலைக்கு வாங்கிக் கொட்டுவதெல்லாம் எங்கே போகிறது என்று முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு குழப்பம் இன்னும் கூடியது.

வள்ளியம்மா மாநகராட்சிக்குத் தெருக் கூட்டுகிறவள். மஞ்சள் காமாலை வந்து போனதிலிருந்து மாதாமாதம் இளைத்து முப்பத்தொரு கிலோவில் வந்து நின்றாள். நன்றாகச் சாப்பிடச் சொன்னார்கள் டாக்டர்கள். அவளும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள், உடம்பில் ஒட்டவில்லை. அவளுடைய வைத்தியத்துக்காக இளங்கோவன் தன் சரக்கு ஆட்டோவை விற்றான். மிச்சப் பணத்தில் ஆறு கிடாக்குட்டிகள் வாங்கி, ரயில் பாதையோரம் ஒரு காலி மனையில் கொட்டகை போட்டான். பக்ரீத் வரை கொழுக்க வைத்து உயிர் எடைக்கு விற்பது திட்டம்.

வரவு செலவு போட்டுக் கொடுத்தவர் மல்லேஸ்வரம் சீனிவாசராகவன். அரசாங்கக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்; அவர் வீடு மாறியபோது சாமான் ஏற்றிய பழக்கம். குட்டி விலை, தீனி, தடுப்பூசி, குடற்புழு மருந்து, செத்துப்போனால் ஒன்று என்று எல்லாம் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“தீனி கலக்கறது யாருப்பா?”

“வூட்லதான் சார்.”

“அவ கூலியைப் போடலையே? ஆத்துக்காரி உழைப்பும் செலவுதான். அதை விட்டுட்டு லாபம்னு சொன்னா அது பொய்க்கணக்கு.”

கூலியைப் போட்டால் லாபம் மொத்தமும் காலி. இளங்கோவன் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். அவன் அப்பாவின் ஊரான திருப்பத்தூர்ப் பக்கம் பங்குக்கு ஆடு வளர்ப்பார்கள். ஒருவர் பணம் போடுவார், இன்னொருவர் வளர்ப்பார், விற்றால் அசல் போக வரும் பணத்தில் ஆளுக்குப் பாதி. ஆட்டின் முதுகில் இருவரும் கை வைத்துச் சொன்னால் பேச்சு முடிந்தது. கூலிக்குப் பதில் பங்கு என்று அவனும் வள்ளியம்மாவும் அப்படியே கை வைத்தார்கள். ஆனால் பணத்தில் பாதி என்பதற்குப் பதிலாக, “ஏர்ற வெயிட்ல பாதி உன்னுது” என்று சொல்லித் தொலைத்தான். ஊர் முறை அரைகுறையாகத் தெரிந்த பெங்களூர்க்காரன் வேறெப்படிச் சொல்வான்?

ஆடுகள் யஷ்வந்தபுரம் மார்க்கெட்டின் காலிஃபிளவர் இலையையும் தவிட்டையும் கொள்ளையும் மாடு மாதிரி தின்றன. தராசில் தொங்கவிட்டால் ஏற வேண்டியதில் பாதிதான் ஏறியிருந்தது. புழு மருந்தை இரண்டு முறை ஊற்றினான். தராசை மாற்றினான். பக்கத்துச் சந்துக்காரர்கள் கண்ணு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டான். இதற்கிடையில் வள்ளியம்மாவின் ஜாக்கெட்டுகள் இறுகின, தையல் பிரித்தார்கள். சுகாதார மையத்தில் அவளுக்கு ஏறியிருந்த கிலோவும் கொட்டகையில் காணாமல் போன கிலோவும் ஒன்றாக இருந்ததைப் பார்த்து அவன் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சந்தோஷப்படுவதா, வயிற்றெரிச்சல் படுவதா என்று தெரியவில்லை. சீனிவாசராகவனோ இதை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்று தெரியாமல் பேனாவை மூடிவிட்டார்.

பக்ரீத் நெருங்கியபோது வேறு பயம் பிடித்தது. ஆட்டை விற்றால் அதோடு அவள் எடையும் போய்விடுமா? விற்காவிட்டால் அடுத்த மாத வாடகைக்கும் மாத்திரைக்கும் எங்கே போவது? “இதுங்கள வித்து நீ மறுபடி ஊதினா பறக்கிற மாதிரி ஆயிட்டீனா நான் இன்னா பண்ணுவேன் வள்ளி?” என்று கேட்டு அழுதான்.

“என் பாதிய நான் வாங்கிட்டேன். உன் பாதிய நீ வித்துக்கோ,” என்றாள் வள்ளியம்மா. “தின்னுக்கினே இருக்குதுங்க பாரு, இப்பிடியே போனா நான் வாசல்ல நுழைய முடியாது.”

சிவாஜிநகரிலிருந்து ஆட்டு வியாபாரி ஷப்பீர் பாய் வேனோடு வந்தார். கிடாக்களின் வாயைத் திறந்து பல் பார்த்தார், குர்பானிக்கு வயது வந்ததற்கு அடையாளமாகப் பல் போட்டிருந்தது. முதுகைப் பிடித்துப் பார்த்து, “அரே இளங்கோ, ஆட்டுக்குத் தீனி காட்டினியா, போட்டியா?” என்றார். எடை போட்டுப் பணம் கொடுத்து ஏற்றினார். வேன் நகரும்போது இளங்கோவன் மனைவியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். வேன் திரும்பி மறைந்தது. மணிக்கட்டு அப்படியே கனமாக இருந்தது. போட்ட முதலில் பதினோராயிரம் நஷ்டம். வலிக்குது விடுய்யா என்று அவள் சொன்ன பிறகும் அவன் விடவில்லை.

கடன் வாங்கி அடுத்த ஆறு குட்டிகள் வந்தன. இந்த முறை முதுகில் கை வைத்தது எதிர்வீட்டு கேத்தரின். டிபி வந்து தேறாமல் கிடந்தவள், தீனிச் செலவில் பாதியைத் தானே தருவதாகச் சொன்னதால் கணக்கு ஒருவாறு கையைக் கடிக்காமல் நின்றது. அடுத்த பக்ரீத்துக்குள் கதை சிவாஜிநகர் வரை எட்டியிருந்தது. வந்த ஷப்பீர் பாய் ஆட்டின் முதுகைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். இளங்கோவன் எதிர்வீட்டைக் காட்டினான். பாய் பேரம் பேசவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வேன் வரை போனவர் திரும்பி வந்தார்.

“வர்ற வருஷம் எங்க அம்மா வந்து தவுடு கலக்கட்டுமா?” என்று கேட்டார்.