ஓரத்தில் நிற்கிறவள்

அக்கா மகளின் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது நான் கடைசி ஆளாக ஓரத்தில் போய் நின்றேன். போட்டோக்காரர் நடுவில் வரச் சொன்னார்.

"வேண்டாம்ணே, வெட்டுறதுக்கு வசதியா இருக்கட்டும்" என்றேன்.

அவர் திருதிருவென்று விழித்தார். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

என் பிழைப்பு அப்படி. இணையத்தில் அரசியல் வெறியைக் கிளப்புகிற கூட்டங்களைப் பற்றி எழுதுகிற பத்திரிகைக்காரி நான். என் முகம் அவர்களிடம் சிக்கினால் என்னோடு நிற்காது, வீட்டுக்கே வந்துவிடுவார்கள். அக்கா மகள் சொன்ன பேச்சு கேட்பவள். படத்தைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போடும்போது என்னை வெட்டிவிட்டுத்தான் போட்டாள்.

அவர்களுடைய ரகசிய இணையக் குழு ஒன்றில் எனக்குப் பெயர் வாத்தியார். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று புளுகி உள்ளே நுழைந்தேன். அதிகம் பேசாததாலோ என்னவோ, மரியாதை தானாக வந்தது. காலையில் எனக்கு முதல் வணக்கம் வைப்பதே அவர்கள்தான். வெட்கக்கேடு, சில நாள் அதுவே ஆறுதலாகவும் இருந்தது.

என் கட்டுரை வெளியான மறுநாள் மதியம், அலுவலகத்தில் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தபோது அந்தக் கல்யாணப் படம் குழுவில் வந்து விழுந்தது. அக்காவின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"எழுதினவ குடும்பம் இதுதான். வயசைப் பாத்தா இவதான் அவ. வீடும் தெரிஞ்சிடுச்சு. கிளம்புவோமா?"

போலீசுக்குச் சொல்லி அவர்கள் வருவதற்குள் இவர்கள் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார்கள். வாத்தியாராகத் தட்டினேன்.

"அவசரப்படாதீங்க. விசாரிச்சிட்டேன். இது அவளோட அக்கா. குடும்பமே அவளைத் தலைமுழுகிடுச்சு. கல்யாணத்துக்கே கூப்பிடல. படத்துல அவ வயசுல வேற யாராவது இருக்காங்களா பாருங்க."

ஒருவன் எழுதினான்: "சொந்த அக்காவே சேர்க்கலன்னா எப்பேர்ப்பட்டவளா இருப்பா."

சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. நானும் ஒன்று போட்டேன்.

"இருந்தாலும் ஒரு கண்ணு வெச்சிருப்போம்" என்றான் இன்னொருவன். "அந்த வீட்டு எதிர்க்கடையில நம்ம ஆளு இருக்கான். அவ வயசுல எவளாவது அங்க வந்தா வாத்தியார் ஏமாந்துட்டாருன்னு அர்த்தம்."

எடிட்டர் போலீசில் புகார் கொடுத்தார். பார்க்கிறோம் என்றார்களாம்.

அந்த வாரமே அக்கா போன் செய்தாள்.

"அந்தப் படத்தை வெட்டாம பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன்டி. வீட்டுக்குள்ள எவன் பாக்கப் போறான்? ஞாயித்துக்கிழமை பொண்ணும் மாப்பிள்ளையும் வர்றாங்க. நீயும் வா."

காரணத்தைச் சொன்னால் அக்கா அடுத்த நிமிஷமே அந்தக் கடைக்குப் போய்ச் சண்டை பிடிப்பாள். அப்படிப்பட்ட ஆள்.

"வேலை இருக்குக்கா."

"அடுத்த வாரம்?"

"அப்பவும் இருக்கு."

"நாங்களா உன்னை ஒதுக்கினோம்? நீயாதானே போய் ஓரத்துல நிக்கிற." போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அறையை விட்டு வெளியே போகவில்லை. சாயங்காலம் குழுவில் எதிர்க்கடை ஆள் எழுதியிருந்தான்.

"பொண்ணு, மாப்பிள்ளை எல்லாரும் வந்திருக்காங்க. அவ மட்டும் வரல. நீங்க சொன்னது சரிதான் வாத்தியாரே."